கிருமிக்குக் கிருமி கொடுக்கும் வரம்

(அரியாலையில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்துக்குக் கோவிட் வந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தபோது, அரியாலை என்ற பெயர் இலங்கை முழுவதும் செய்திகளில் அடிபட்டது. அந்த நாட்களில் இந்த ஊரின் சின்னப் பிள்ளைக்கும் ஒரு பாடம் மனப்பாடமானது. நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும். தள்ளி நில், கையைக் கழுவு, வாயை மூடு. நல்ல பாடம். தேவையான பாடம். ஆனாலும் அது பாதிப் பாடம்.

மற்றப் பாதியைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஆளிடமிருந்து ஆளுக்கு நோய் தொற்றுகிறது, தெரியும். கிருமியிடமிருந்து கிருமிக்கு ஏதாவது தொற்றுமா? தொற்றும். மருந்துக்குச் சாகாத வல்லமை தொற்றும். ஒரு பற்றீரியா இன்னொரு பற்றீரியாவைத் தொட்டு, தன் மரபணுக்களில் சிலவற்றை அதற்குக் கொடுக்கும். பாடநூலில் இதற்கு இணைதல் என்று பெயர். அரைப் பக்கம் எழுதியிருப்பார்கள். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருப்போம். அந்த அரைப் பக்கத்துக்குள் நம் வீட்டுக் கிணறு இருக்கிறது. மலசலகூடக் குழி இருக்கிறது. கோழிக்கூடு இருக்கிறது. சந்தியில் உள்ள பாமசியும் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஓர் எளிய கேள்வி. உங்கள் மூக்கு யாரிடமிருந்து வந்தது? அப்பாவிடமிருந்து வந்திருக்கும், அம்மாவிடமிருந்து வந்திருக்கும், பேத்தியாரிடமிருந்து வந்திருக்கும். பக்கத்து வீட்டு அண்ணரோடு ஒரே வாங்கில் இருந்ததால் அவருடைய மூக்கு உங்களுக்கு வந்துவிடுமா? வராது. மனிதரில் மரபணு மேலிருந்து கீழே இறங்கும், பக்கவாட்டில் போகாது. பற்றீரியாவின் உலகம் வேறு. அங்கே மரபணு மேலிருந்து கீழேயும் இறங்கும், பக்கத்தில் நிற்பவனுக்கும் போகும்.

இணைதலை உலகம் அறிந்தது 1946ஆம் ஆண்டில். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசுவா லெடர்பேர்க் என்ற 21 வயது இளைஞர். மருத்துவப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு எட்வர்ட் டேற்றம் என்ற அறிஞரின் ஆய்வுகூடத்துக்கு வந்தவர். பற்றீரியா இரண்டாகப் பிளந்து பெருகும், அவ்வளவுதான். ஒன்றின் பரம்பரைச் சொத்தோடு மற்றதன் சொத்து கலக்காது என்றே பெரும்பாலான அறிவியலாளர் அன்று எண்ணியிருந்தார்கள். இளைஞருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நம் குடலில் வாழும் ஈ.கோலி என்ற பற்றீரியாவில் ஊனமுற்ற இரண்டு வகைகளை எடுத்தார். ஒரு வகைக்கு மெதியோனினும் பயோற்றினும் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. மற்ற வகைக்குத் திரெயோனினும் லியூசினும் செய்யத் தெரியாது. இவை எதுவும் இல்லாத வெறும் ஊடகத்தில் இட்டால் இரண்டுமே வளர மாட்டா. தனித்தனியே இட்டார், வளரவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து இட்டார். வளர்ந்தது! ஏறக்குறைய ஒரு கோடிக்கு ஒன்று என்ற வீதத்தில், எந்தக் குறையும் இல்லாத புதிய பற்றீரியாக்கள் தலைதூக்கின. ஒன்றிடம் இல்லாததை மற்றது கொடுத்திருக்கிறது. வேறெப்படி நடந்திருக்கும்? 1958ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது 33.

சந்தேகப்படுபவர்கள் எந்தச் சபையிலும் இருப்பார்கள். அறிவியலில் அவர்கள் இருக்கத்தான் வேண்டும். ஒன்று செத்து அதன் சாரம் தண்ணீரில் கரைந்து மற்றதுக்குப் போயிருக்கலாமே என்று கேட்டார்கள். 1950இல் பேர்னாட் டேவிஸ் என்பவர் யூ வடிவக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். இந்தக் கையில் ஒரு வகை, அந்தக் கையில் மற்ற வகை, நடுவில் நுண்ணிய வடிகட்டி. தண்ணீர் இங்குமங்கும் போகும், பற்றீரியா போக முடியாது. என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. வடிகட்டி இருக்கும்வரை கொடுக்கல் வாங்கலே இல்லை. தண்ணீர் கலந்தால் போதாது. உடல் உடலைத் தொட வேண்டும்.

தொடுகை வேண்டும். இந்த இரண்டு சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அச்சாணி.

அடுத்து வந்தவர் வில்லியம் ஹேய்ஸ் என்ற அயர்லாந்துக்காரர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தவர். இலண்டனில் இருந்தபடி 1952இல் அவர் ஒரு வித்தை செய்தார். சேர விடும் இரண்டு வகைகளில் ஒன்றை மட்டும் ஸ்ரெப்ரோமைசினால் தாக்கினார். ஒரு பக்கத்தைத் தாக்கியபோது எல்லாம் நின்றுபோனது. மறு பக்கத்தைத் தாக்கியபோது காரியம் தடையின்றி நடந்தது. ஏன்? கொடுப்பதற்கு அது தொடர்ந்து பிழைத்துப் பெருகத் தேவையில்லை. ஆகவே கொடுப்பவன் ஒருவன், வாங்குபவன் இன்னொருவன். இந்தத் தெருவில் போக்குவரத்து ஒருவழி.

அப்படியானால் கொடுப்பவனைக் கொடுப்பவன் ஆக்குவது எது? அவனுக்குள் இருக்கும் ஒரு சிறு வளையம். பற்றீரியாவின் பெரிய நிறமூர்த்தத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. அதற்குப் புறம்பாக, தனியே மிதக்கும் சின்னஞ்சிறு டி.என்.ஏ. வளையம் சிலவற்றில் இருக்கும். அதற்குப் பிளாஸ்மிட் என்று பெயரிட்டவரும் லெடர்பேர்க்தான், 1952இல். முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வளையத்தில் ஏறக்குறைய 100 மரபணுக்கள். அவற்றில் பெரிய பங்கு எதற்காக? தன்னைத் தானே அடுத்தவனுக்குக் கடத்துவதற்காக!

வேலை நடக்கும் விதத்தைக் கேளுங்கள். கொடுப்பவன் தன் உடலிலிருந்து மயிரிழையிலும் நுண்ணிய ஓர் இழையை நீட்டுகிறான். அது அருகில் நிற்பவனைத் தொட்டுப் பற்றுகிறது. பிறகு இழை சுருங்குகிறது. இருவரும் ஒட்டி நிற்கிறார்கள். இருவருக்கும் இடையில் ஒரு வாசல் திறக்கிறது. பிளாஸ்மிட் என்பது இரண்டு இழை முறுக்கிய வளையம் அல்லவா? அதில் ஓர் இழையைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரு புரதம் வெட்டுகிறது. வெட்டிய முனை முன்னே செல்ல, அந்த ஓர் இழை வாசல் வழியாக மற்றவனுக்குள் நுழைகிறது. இங்கே எஞ்சிய இழை தனக்குச் சோடியைச் செய்துகொள்கிறது. அங்கே போன இழையும் தனக்குச் சோடியைச் செய்துகொள்கிறது. சில நிமிடங்களில் முழு வளையம் இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது.

மாணவர்களே, ரியூசன் நோட்ஸ் கொப்பியை நண்பனுக்கு எழுதக் கொடுப்பீர்கள் அல்லவா? கொடுத்தவனிடம் கொப்பி குறையவில்லை. வாங்கியவன் நாளைக்கு மூன்றாமவனுக்குக் கொடுப்பான். இதுவும் அப்படித்தான். வாங்கியவன் அந்தக் கணமே கொடுப்பவன் ஆகிவிடுகிறான். ஒருவன் இருவராகி, இருவர் நால்வராகி, ஒரு கூட்டமே கொடுக்கும் கூட்டமாக மாறிவிடும்.

பாரிசில் எலி வொல்மனும் பிரான்சுவா ஜக்கோப்பும் 1950களில் இன்னொரு வேடிக்கை செய்தார்கள். சில பற்றீரியாக்களில் அந்தச் சிறு வளையம் பெரிய நிறமூர்த்தத்தோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது அது நிறமூர்த்தத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகத் தொடங்கும். இந்த இருவரும் ஒட்டி நிற்கும் பற்றீரியாக்களைச் சமையலறையில் பழரசம் அடிக்கும் பிளெண்டரில் போட்டுச் சுழற்றினார்கள். பிடி அறுந்தது. பத்து நிமிடத்தில் அறுத்தால் சில மரபணுக்கள் மட்டும் போயிருந்தன. இருபது நிமிடத்தில் அறுத்தால் இன்னும் கொஞ்சம். எந்த மரபணு எத்தனையாவது நிமிடத்தில் போகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தே நிறமூர்த்தத்தின் வரைபடத்தைப் போட்டுவிட்டார்கள். முழு நிறமூர்த்தமும் போய்ச்சேர ஏறக்குறைய 100 நிமிடம் வேண்டும். பிளெண்டரில் நடந்த ஒரு வேடிக்கை, உயிரியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றானது.

அன்பர்களே, இதுவரை சொன்னது ஆய்வுகூடத்துக் கதை. அது ஆய்வுகூடத்திலேயே நின்றிருந்தால் நான் உங்களை இந்தப் புழுக்கத்தில் இருத்தி வைத்திருக்க மாட்டேன். அது வெளியே வந்தது. வந்த இடம் யப்பான்.

போருக்குப் பின் யப்பானில் வயிற்றுளைவு பெருகியிருந்தது. ஷிகெல்லா என்ற பற்றீரியாவின் வேலை. சல்பா மருந்து கொடுத்தார்கள். கொஞ்சக் காலத்தில் அது பிடிக்கவில்லை. புதிய அன்ரிபயோட்டிக்குகள் வந்தன: ஸ்ரெப்ரோமைசின், ரெற்றாசைக்கிளின், குளோரம்பெனிக்கோல். 1950களின் நடுப்பகுதியில் இந்த நான்குக்கும் ஒருங்கே அசையாத ஷிகெல்லா தோன்றியது. ஒரு மருந்துக்கு அசையாத கிருமி பிறப்பதை விளங்கிக்கொள்ளலாம். கோடியில் ஒன்று தற்செயலாக மாறும், பிழைக்கும், பெருகும். நான்கு மருந்துக்கு ஒரே நேரத்தில் எப்படி? ஒரே ஒரு மருந்து மட்டும் சாப்பிட்ட நோயாளியிடம் நான்குக்கும் அசையாத கிருமி எப்படி?

1959இல் ஒச்சியாய், அக்கிபா என்ற யப்பானிய ஆய்வாளர்கள், ஒருவரோடு ஒருவர் சேராமலே, ஒரே விடையைக் கண்டார்கள். நோயாளியின் குடலில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் நோய்தரும் ஷிகெல்லா. மற்றவன் யாருக்கும் தீங்கு செய்யாமல் காலங்காலமாகக் குடியிருக்கும் ஈ.கோலி. நான்கு மருந்தின் எதிர்ப்பும் ஒரே பிளாஸ்மிட்டில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தது. அதை ஷிகெல்லாவுக்கு ஈ.கோலி தொட்டுக் கொடுத்துவிட்டான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நோயே தராத கிருமி, நோய் தரும் கிருமிக்கு ஆயுதம் கொடுக்கிறது. நல்லவன் என்று நாம் நம்பியவன் வீட்டில் ஆயுதக் கிடங்கு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் சுகமாக இருக்கிறேன் என்று சொல்பவரின் குடலிலும் அந்தக் கிடங்கு இருக்கலாம். நேற்றுத் தடிமனுக்கு வாங்கி விழுங்கிய குளிசையால் அது நிரம்பியிருக்கலாம்.

இனி நமக்கு நன்கு தெரிந்த நோய்க்கு வருவோம். நெருப்புக்காய்ச்சல். தைபொயிட்டு என்று வைத்தியர்கள் சொல்வது. இலங்கையில் இது கூடுதலாகப் பதிவாகிவந்த மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் நெருப்புக்காய்ச்சல் வந்தால் பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ போய்விடுவார்கள். வீட்டில் நேர்த்தி வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

வழி பிறந்த இடம் கோலாலம்பூர். உங்களில் எத்தனையோ பேரின் பாட்டனார் மலாயன் பென்சனியராக இருந்திருப்பார். அவர் அறிந்த அதே கோலாலம்பூரில்தான் 1948இல் அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று உண்ணிக் காய்ச்சலுக்குக் குளோரம்பெனிக்கோலைச் சோதித்தது. சோதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இருந்தது உண்மையில் நெருப்புக்காய்ச்சல். அவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள்! வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் சில நாட்களில் இறங்கியது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் நெருப்புக்காய்ச்சல் என்றால் குளோரம்பெனிக்கோல் என்று உலகம் நிம்மதியாக இருந்தது.

1972இல் அந்த நிம்மதி குலைந்தது. மெக்சிக்கோவில் குலைந்தது, அதே ஆண்டில் நமக்குப் பக்கத்தில், கேரளத்துக் கோழிக்கோட்டிலும் குலைந்தது. குளோரம்பெனிக்கோலுக்கு அசையாத நெருப்புக்காய்ச்சல். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் ஜெயராம் பணிக்கர், விமலா என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கிருமியைப் பிடித்துச் சோதித்தார்கள். எதிர்ப்பு வல்லமை கிருமியிலிருந்து ஈ.கோலிக்குத் தாவுவதைக் கண்டார்கள். பெயர்பெற்ற நேச்சர் இதழில் அதே ஆண்டில் அதை வெளியிட்டார்கள். அதே பணிக்கர் அனந்தநாராயணனோடு சேர்ந்து எழுதிய நுண்ணுயிரியல் பாடநூலை இந்தியத் துணைக்கண்டத்தின் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறையாகப் படிக்கிறார்கள். கோழிக்கோட்டு வாட்டில் கண்டது பாடமாகிவிட்டது. பாடத்தை நாம் படித்தோமா?

படிக்கவில்லை என்பதற்குச் சாட்சி பாகிஸ்தானின் சிந்து மாகாணம். 2016 நவம்பரில் அங்குள்ள ஐதராபாத் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. குளோரம்பெனிக்கோலுக்கு அசையவில்லை. அம்பிசிலினுக்கு அசையவில்லை. சிப்ரோபுளொக்சசினுக்கு அசையவில்லை. கடைசி நம்பிக்கையாக ஊசியில் ஏற்றும் செப்ட்ரியாக்சோனுக்கும் அசையவில்லை. வாயால் விழுங்கும் மருந்தில் அசித்ரோமைசின் ஒன்றே மிஞ்சியது. விஞ்ஞானிகள் கிருமியின் டி.என்.ஏ.யை வாசித்தார்கள். உள்ளே புதிதாக ஒரு பிளாஸ்மிட். அதை மிகவும் ஒத்த பிளாஸ்மிட் முன்பே எதில் காணப்பட்டிருந்தது? ஈ.கோலியில்! மீண்டும் அதே குடல்வாசி. மீண்டும் அதே தொடுகை. கழிவுநீர் கலந்த குடிநீர் நோயை வீடு வீடாகக் கொண்டுபோனது. 2019இல் நெருப்புக்காய்ச்சலுக்கான புதிய தடுப்பூசியைத் தன் பிள்ளைகளுக்கான வழமையான தடுப்பூசித் திட்டத்தில் உலகிலேயே முதலாவதாகச் சேர்த்த நாடு பாகிஸ்தான். பட்ட பின் வந்த புத்தி, வந்தது நல்லது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஓர் ஆய்வு உலகையே உலுக்கியது. பிரித்தானியாவின் காடிப் பல்கலைக்கழகத்து ரிமதி வோல்ஷ் உள்ளிட்ட பலர் கூட்டாளிகள். மற்ற மருந்துகள் எல்லாம் தோற்றபின் வைத்தியசாலையில் கையில் எடுக்கும் கார்பாபெனெம் மருந்துகளையே உடைத்தெறியும் ஒரு நொதியத்தை அவர்கள் தேடினார்கள். அதன் பெயர் என்.டி.எம்.-1. சென்னையில் 44 கிருமிகளில் கண்டார்கள். ஹரியானாவில் 26இல். பிரித்தானியாவில் 37இல். இந்தியாவின் மற்ற இடங்கள், பாகிஸ்தான் சேர்த்து இன்னும் 73இல். பெரும்பாலும் அந்த நொதியத்துக்கான மரபணு இருந்த இடம் எது? நீங்களே சொல்லுவீர்கள். பிளாஸ்மிட்.

அடுத்த ஆண்டு, 2011இல், வோல்ஷ் குழு புதுடில்லியின் தெருக்களில் தண்ணீரை அள்ளியது. வைத்தியசாலைத் தண்ணீர் அல்ல. குடிநீர்க் குழாய்த் தண்ணீரும், தெருவில் தேங்கிக் கசியும் நீரும். குழாய்நீர் மாதிரிகள் 50இல் 2இலும், தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் அந்த மரபணு இருந்தது. கொலரா கிருமிக்குள்ளும் அது ஏறியிருந்தது. இன்னொன்றையும் கண்டார்கள். இந்தப் பிளாஸ்மிட் எந்த வெப்பநிலையில் கூடுதலாகத் தாவுகிறது என்று சோதித்தபோது, மனித உடம்பின் 37 பாகையை விட 30 பாகை செல்சியசில் அது கூடுதலாகத் தாவியது. முப்பது பாகை! அது யாருடைய வெப்பநிலை? யாழ்ப்பாணத்தின் பகல் வெப்பநிலை. நம் வாய்க்காலின் வெப்பநிலை.

இப்போது நம் நிலத்துக்கு வருவோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மாரிக்கு மட்டும் விருந்தாளி. நமக்குக் குடிநீரும் தோட்டத்து நீரும் பெரும்பாலும் நிலத்தின் கீழேதான். கீழே இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்த கல். மழைநீரை வேகமாக உள்ளே விடும், அது அதன் நன்மை. மேலே கிடக்கும் அழுக்கையும் வேகமாக உள்ளே விடும், அது அதன் ஆபத்து. மணல் வடிப்பதுபோல் அது வடிப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை மாரியில் நீர்மட்டம் ஏறி மலசலகூடக் குழியின் அடியைத் தொடும். ஒரு காணியில் குழி. மதிலுக்கு அப்பால் அடுத்த காணியில் கிணறு. மதிலும் வேலியும் மேலேதான். கீழே வேலி கிடையாது. யாழ்ப்பாணக் கிணறுகளில் மலத்திலிருந்து வரும் கிருமிகள் இருப்பதை நீர்ப் பரிசோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டிவருகின்றன.

டேவிஸ் தன் கண்ணாடிக் குழாயின் நடுவில் வடிகட்டி வைத்தார். கொடுக்கல் வாங்கல் நின்றது. நாம் என்ன செய்கிறோம்? வடிகட்டியை எடுத்துவிட்டோம். பத்து வீட்டுக் குடல்களையும் ஒரே தண்ணீரில் சந்திக்க விடுகிறோம். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் வயிற்றில், நேற்று நெருப்புக்காய்ச்சல் கிருமி வந்தது, இன்று மருந்துக்கு அசையாத ஈ.கோலி வந்தது என்றால், இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்குமா?

சரி, தொட்டுக் கொடுத்துவிட்டது. அதோடு எல்லாம் முடிந்துவிடுமா? முடியாது. இங்கேதான் இரண்டாவது நிபந்தனை வருகிறது. வளையத்தைச் சுமப்பது பற்றீரியாவுக்கு ஒரு சுமை. அதைப் படியெடுக்க வேண்டும், அதன் புரதங்களைச் செய்ய வேண்டும். சுமக்காதவன் பல வேளைகளில் வேகமாகப் பெருகுவான். மருந்து இல்லாத இடத்தில் சுமப்பவன் பின்தங்கலாம். அன்ரிபயோட்டிக் வந்ததும் நிலைமை தலைகீழ். சுமக்காதவர்கள் எல்லோரும் சாவார்கள். காலியான வீடு முழுவதும் சுமப்பவனுக்கு. நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஈ.கோலி இரண்டாகும். விடியும்போது யார் நிறைந்திருப்பார்கள் என்று கணக்குப் பாருங்கள். மருந்து கிருமிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில்லை. போட்டியாளரைக் கொன்று, ஆயுதம் வைத்திருப்பவனுக்கு முடிசூட்டுகிறது.

மருந்தை நிறுத்திவிட்டால் பிளாஸ்மிட் தானாகப் போய்விடும் என்று நினைக்கிறீர்களா? அது அவ்வளவு சாது அல்ல. பல பிளாஸ்மிட்டுகள் ஒரு நஞ்சையும் அதன் முறிமருந்தையும் சேர்த்தே செய்கின்றன. நஞ்சு நெடுநேரம் நிற்கும், முறிமருந்து விரைவில் அழியும். பிளாஸ்மிட்டைத் தொலைத்துவிட்டுப் பிறக்கும் மகளுக்கு முறிமருந்து கிடைக்காது. உள்ளே மிஞ்சிய நஞ்சு அவளைக் கொல்லும். வைத்திருந்தால் வாழலாம், கைவிட்டால் சாவு. ஆகவே வந்த வளையத்தை விரட்டுவது வராமல் தடுப்பதைவிடப் பன்மடங்கு கடினம்.

கோழிக்கூட்டுக்கும் வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? கொலிஸ்ரின் என்று ஒரு பழைய மருந்து. மனிதருக்குக் கடைசி நிலையில் கொடுப்பது. பல நாடுகளில் கோழி, பன்றி விரைவாகக் கொழுக்கவும் தீனியில் கலந்தார்கள். 2015இல் சீன ஆய்வாளர்கள் கொலிஸ்ரினுக்கு அசையாமல் ஆக்கும் மரபணுவைப் பன்றியின் ஈ.கோலியில் கண்டார்கள். எதில்? பிளாஸ்மிட்டில். மனித நோயாளிகளிடமும் அது வந்திருந்தது. பிறகு சீனா தீனியில் கலப்பதை நிறுத்தியது. 2019இல் இந்தியாவும் உணவுக்கான விலங்குகளுக்கு அதைத் தடைசெய்தது. கூட்டில் கொடுத்த மருந்து கூட்டோடு நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இணைதல் என்பதே கெட்டது என்று எண்ணிக்கொண்டு போய்விடாதீர்கள். பயறு, உழுந்து, கச்சான் வேர்களைப் பிடுங்கிப் பாருங்கள்; சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதற்குள் இருக்கும் பற்றீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கிறது. நியூசிலாந்தில், வெளியிலிருந்து கொண்டுவந்து இட்ட அத்தகைய பற்றீரியா, முடிச்சுப் போடும் மரபணுத் தொகுதியை மண்ணில் ஏற்கெனவே இருந்த பற்றீரியாக்களுக்குத் தொட்டுக் கொடுத்ததை 1990களில் கண்டார்கள். இயற்கையின் பெரிய கொடை இந்தக் கொடுக்கல் வாங்கல். நம் மருந்துகளை விட மிக மிகப் பழையது. அதை ஆபத்தாக்கியது கடந்த 80 ஆண்டுகளாக நாம் மருந்தைக் கையாண்ட விதம்.

விலை என்ன தெரியுமா? 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அசையாத பற்றீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆகவே, அன்பர்களே, இந்தக் கிருமிகளுக்கு வரம் கிடைக்க இரண்டு வேண்டும். தொடுகை வேண்டும், அதற்குப் பின் மருந்து வேண்டும். இரண்டையும் கொடுப்பவர்கள் யார்? நாம். அப்படியானால் இரண்டையும் மறுக்கக் கூடியவர்கள் யார்? அதுவும் நாமே.

மருந்தை மறுப்பது எப்படி? தடிமனும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரசால் வருபவை. அன்ரிபயோட்டிக் அவற்றை ஒன்றும் செய்யாது. வைத்தியரின் சீட்டு இல்லாமல் பாமசியில் கேட்காதீர்கள். பாமசிக்காரத் தம்பி கொடுக்க மறுத்தால் அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் உங்களுக்கு நன்மை செய்கிறார். வைத்தியர் தந்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு எடுங்கள். மிச்சத்தை அடுத்த வீட்டு அக்காவுக்குக் கொடுக்காதீர்கள். கோழிக்கும் மாட்டுக்கும் மிருக வைத்தியர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

தொடுகையை மறுப்பது எப்படி? தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்; கொதிநீரில் கிருமியும் பிழைக்காது, அதனால் கொடுக்கவும் முடியாது. கிணற்றுக்குக் குளோரின் இடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்கள் குழியை எங்கே வெட்டுவது என்று சாத்திரியாரைக் கேட்கும்போதே பி.எச்.ஐ.யையும் கேளுங்கள். உங்கள் கிணற்றை மட்டுமன்றி அயலவன் கிணற்றையும் அளந்து வெட்டுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தந்துவிட்டு விடைபெறுகிறேன். அளவு நாடாவோடு உங்கள் ஒழுங்கையில் இறங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக் கிணற்றையும், அதற்கு மிகக் கிட்டிய மலசலகூடக் குழியையும், அது யார் காணியில் இருந்தாலும், அளந்து கடதாசியில் குறியுங்கள். ஒழுங்கை ஒழுங்கையாகச் சேர்த்தால் அரியாலையின் வரைபடம் கிடைக்கும். பாரிசில் இருவர் மணிக்கூட்டை வைத்து நிறமூர்த்தத்துக்கு வரைபடம் போட்டார்கள். நீங்கள் நாடாவை வைத்து ஊருக்குப் போடுங்கள். ஒரு பிரதியைச் சனசமூக நிலையத்தில் எல்லோரும் பார்க்க மாட்டுங்கள். ஒன்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுங்கள். எந்தக் கிணற்றை முதலில் பரிசோதிப்பது, எந்தக் குழியை முதலில் திருத்துவது என்று அதைப் பார்த்தே ஊர் முடிவெடுக்கட்டும். அடுத்த மாரிக்கு முன் இது முடிய வேண்டும். முடியுமா? முடியும் என்று இந்த முன்வரிசைப் பிள்ளைகளின் முகம் சொல்கிறது. பெரியவர்களே, அவர்கள் உங்கள் படலையைத் தட்டும்போது திறந்து விடுங்கள்.